மீன்தொட்டியும் கீழ்வீட்டுக் கூரையும்

ரிவர் வேலி சாலையில், ஃபோர்ட் கேனிங் குன்றின் அடியில் 1955ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வான் கிளீஃப் மீன் காட்சியகம் 1991இல் மூடப்பட்டது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். வீட்டிலும் ஒரு மீன்தொட்டி வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிறந்தது. ஆனால் நாமோ பஃபலோ சாலையிலும் ரோவல் சாலையிலும் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கிறோம். நமது தரை இன்னொருவருக்குக் கூரை அல்லவா?

இப்போது பலரும் தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள், இன்னொரு தொட்டி வைக்கிறார்கள். மேலே வழியும் நீர் குழாயில் இறங்கி, கீழே வடிகட்டப்பட்டு, பம்பினால் மறுபடி மேலே ஏறுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சரியாக அமைக்காவிட்டால் இரவெல்லாம் சத்தம், ஒருநாள் வெள்ளம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது? நிறைந்த போத்தலைக் கவிழ்த்துப் பாருங்கள். நீர் வெளியேற, காற்று உள்ளே புக, ‘குளுக் குளுக்’ என்கிறது. வழிநீர்க் குழாயிலும் இதுவேதான். நீரும் காற்றும் ஒரே குழாயில் மல்லுக்கட்டக்கூடாது. ஆகவே மூன்று குழாய்கள் வைக்கிறோம். முதல் குழாய் முழுக்க நீர் நிறைந்து, சைபனாக ஓசையின்றி இறங்கும். அதில் ஒரு கேட் வால்வு வேண்டும். பந்து வால்வில் நுணுக்கமாகத் திருத்த முடியாது. அதன் அடிமுனை கீழ்த்தொட்டி நீரில் இரண்டு மூன்று செ.மீ. மட்டுமே அமிழ்ந்திருக்கட்டும், ஆழமாக இருந்தால் உள்ளிருக்கும் காற்று வெளியேறாது. முதல் குழாய் விட்டுவைக்கும் சிறிதளவு நீர் இரண்டாவதன் சுவரை ஒட்டிக் கசிந்து இறங்கும். மூன்றாவது குழாய் சற்று உயரமாக, எப்போதும் காய்ந்தே நிற்கும். அது ஆபத்துக்கு உதவுவது. அதற்கு வால்வு கூடவே கூடாது.

இனி வெள்ளம். 2018 செப்டம்பர் 18 அதிகாலை 1.18 மணிக்கு சிங்கப்பூரின் பல வட்டாரங்களில் ஏறத்தாழ 1,47,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் நின்றது. 38 நிமிடத்தில் திரும்பியது. பம்பு நின்றால், ஏற்றிய குழாயே தலைகீழாக இறக்கும் குழாய் ஆகிவிடும். அதற்கு 38 நிமிடம் தேவையில்லை. சில நிமிடம் போதும்.

எங்களுக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. வேறொரு நாள், நள்ளிரவில், வீட்டு மின்சாரம் டிரிப் ஆனது. எங்கள் தொட்டி 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், அதாவது 1 செ.மீ. உயரத்திற்கு 5.4 லிட்டர். ஏற்றும் குழாயின் வாயை அழகுக்காக 8 செ.மீ. ஆழத்தில் வைத்திருந்தோம். 43 லிட்டர் இறங்கியது. கீழ்த்தொட்டியில் 20 லிட்டருக்குத்தான் இடம். விடிந்ததும் கதவைத் தட்டியவர் கீழ்வீட்டு மலாய் அம்மா. கையில் வாளி. கோபிக்கவில்லை, “மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?” என்றுதான் கேட்டார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம்.

அதன்பின் குழாய் வாயை 3 செ.மீ. ஆழத்திற்கு உயர்த்தினோம். இப்போது இறங்குவது 16 லிட்டர்தான். 75க்கு 35 செ.மீ. கீழ்த்தொட்டியில் அது 6 செ.மீ. உயரும், குழாய்களுக்குள் நிற்கும் நீரையும் எண்ணி 10 செ.மீ. காலியாக விட்டிருக்கிறோம். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் சிறு துளையும் உண்டு. காற்று புகுந்து சைபனை முறிக்கும். துளையில் பாசி அடைக்கும், அவ்வப்போது குத்திவிடுங்கள். ஒருவழி வால்வை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரு நத்தை உட்கார்ந்தால் அது மூடாது.

மறுபக்கமும் உண்டு. இறங்கும் குழாய்கள் அடைத்து, பம்பு மட்டும் ஓடினால்? பம்பு நிற்கும் அறையில் எவ்வளவு நீர் உண்டோ அவ்வளவுதான் மேலே ஏற முடியும். எங்கள் பம்பு அறை 30க்கு 35 செ.மீ.; அதில் 10 செ.மீ. நீர் என்றால் 10.5 லிட்டர். மேல்தொட்டி 2 செ.மீ. உயரும். விளிம்பில் 3 செ.மீ. விட்டிருந்தால் சொட்டும் வழியாது. இந்த அறையைப் பெரிதாகக் கட்டுபவர்களைப் பார்த்தால் எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

மின்கம்பி சுவரில் உள்ள பிளக்கைவிடத் தாழ்ந்து தொங்கி, பிறகு மேலேறட்டும். வழியும் துளி பிளக்குக்குப் போகாது.

எல்லாம் பூட்டியபின், பகலில், ஆட்கள் வீட்டில் இருக்கும்போது பம்பை நிறுத்திப் பாருங்கள். மறுபடி போட்டு, கை வைக்காமல் தானே பழைய நிலைக்கு வருகிறதா என்று கவனியுங்கள். பிறகு முதல் குழாயை அடைத்துப் பாருங்கள், அதன்பின் இரண்டாவதையும். எங்கள் சோதனையன்று கீழ்வீட்டு அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். அவர் வாளியோடு வந்து, தொட்டிமுன் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்.