ஏழு மணிச் சங்கு

(பாப்பாரப்பட்டியில் கூடிய ஆதரவாளர் குடும்பங்களுக்கு மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



போதகருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். அதை இயக்கக் கற்றுத்தர நாங்கள் வரவில்லை. அதை எப்போது அணைப்பது என்பதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறோம்.

இந்தக் கருவியை நாம் பழிக்கத் தேவையில்லை. தக்காளி விலை அறியவும், பெங்களூரிலும் ஓசூரிலும் வேலைபார்க்கும் பிள்ளைகளின் முகத்தைக் காணவும் அது உதவுகிறது. 2011-ஆம் ஆண்டு தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. 2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடமே செல்போன் வழியாக வந்தது. ஆனால் வேலைக்கும் பாடத்திற்கும் என்று வீட்டுக்குள் வந்த திரை, அவை முடிந்த பின்னும் அணையவில்லை.

வார்டுகளைச் சுற்றிவரும்போது நாங்கள் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. கட்டிலில் பெரியவர் கண்விழித்துக் கிடப்பார். துணைக்கு இருக்கும் மகன் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பாசமில்லாதவர் அல்ல. வேலையை விட்டு, பஸ் ஏறி வந்து, இரவெல்லாம் தரையில் படுத்துக் காவல் காப்பவர். ஆனாலும் மகனிடம் சொல்லவேண்டிய வார்த்தையைத் தகப்பனார் எங்களிடம் சொல்லுகிறார். பாசம் இருந்தும் கவனம் இல்லாமற்போவதே இக்காலத்தின் குறை.

இதற்கு ஒரு கிராமம் வழி கண்டது. மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்திலுள்ள வட்காவ் என்ற ஊரில் சுமார் 3,000 பேர் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் விவசாயிகளும் சர்க்கரை ஆலைத் தொழிலாளரும். 2022 ஆகஸ்டில் ஊரார் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். மாலை 7 மணிக்குக் கோயிலிலிருந்து சங்கு ஊதும், உடனே டி.வி.யும் செல்போனும் அணையும், 8.30 மணிக்குத்தான் மறுபடி திறக்கலாம். முதலில் ஆண்கள் சிலர் நகைத்தார்கள். ஊர்ப் பொறுப்பாளர்கள் வீடு வீடாகப் போய் எடுத்துச் சொன்னார்கள். பிள்ளைகள் புத்தகம் எடுத்தார்கள். பெரியவர்கள் திண்ணைக்கு வந்தார்கள்.

இதில் நாம் கற்பது என்ன? தனி ஒருவர் மன உறுதியால் மட்டும் இதை வெல்வது கடினம். குறித்த நேரமும் கூட்டாளிகளும் இருந்தால் எளிது. நம் ஊரில் சங்கு ஊத ஆள் இல்லாவிட்டாலும், நம் வீட்டில் நாமே ஊதலாம். அதற்குச் சில எளிய பழக்கங்கள்:

முதலாவது, கம்ப்யூட்டரைத் திறக்குமுன் எதற்காகத் திறக்கிறோம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதுவோம். அந்த வேலை முடிந்ததும் அணைத்துவிடுவோம்.

இரண்டாவது, 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடி தூரத்திலுள்ள ஒன்றை 20 விநாடி பார்ப்போம். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் இமைப்பது வெகுவாகக் குறைகிறது. கண் வறண்டு எரிவது அதனால்தான்.

மூன்றாவது, செல்போனுக்குச் சார்ஜ் போடும் இடம் படுக்கையறையாக இருக்கவேண்டாம். காலையில் எழ ஓர் அலாரம் கடிகாரம் போதும்.

நான்காவது, நிமிடத்திற்கொருமுறை வரும் அழைப்பொலிகளில் அவசியமானவற்றைத் தவிர மற்றவற்றை நிறுத்திவைப்போம். நாம் தேடிப்போகாத செய்தி நம்மைத் தேடி வரவேண்டியதில்லை.

ஐந்தாவது, சாப்பாட்டு வேளையில் எல்லாருடைய செல்போனும் ஒரே கூடையில் இருக்கட்டும். களி ஆறுமுன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். பெரியவர்கள் முதலில் வைத்தால்தான் பிள்ளைகள் வைப்பார்கள்.

சிறு குழந்தைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஆலோசனை வெளியிட்டது. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரை வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படக்கூடாது. ஊட்டிவிடும்போது செல்போனைக் கையில் கொடுக்கும் தாய்மாரும் பாட்டிமாரும் இதை மனதில் வைக்கும்படி அன்பாய்க் கேட்டுக்கொள்கிறோம்.

இவ்வளவு செய்தும் ஒருவரால் விடமுடியவில்லையானால், தூக்கமும் படிப்பும் கெடுமானால், அவரைத் திட்டித் தீர்க்கவேண்டாம். அது உதவி தேவைப்படும் நிலை. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014-ஆம் ஆண்டிலேயே இதற்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பட்டது. நெஞ்சுவலிக்கு மருத்துவரைத் தேடுவதுபோல இதற்கும் தேடலாம்; வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிரியமானவர்களே, ஐந்தையும் நாளைக்கே தொடங்கவேண்டும் என்று சொல்லமாட்டோம். இன்றிரவு வீட்டாரோடு உட்கார்ந்து ஒரு நேரத்தை மட்டும் குறியுங்கள். அரைமணி நேரமாயினும் போதும். அந்த நேரத்தில் வீட்டிலுள்ள முதியவரை முதலில் பேசவிடுங்கள். அவர் சொல்ல நினைத்தது ஆஸ்பத்திரிக் கட்டில்வரை காத்திருக்கவேண்டாம்.