பூட்டிய அறையில் யாரிடம் சாந்தம் காட்டுவது?



நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் அண்ணன் மூச்சுவிடாமல் பேசினார். சாந்தம் தனி ஜெபத்தில்தான் வளருமாம், நாங்கள் சொல்வதுபோலக் கூடிப் படிக்கிற வேதபாடத்தில் அல்லவாம். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டச் சொன்னவர் ஆண்டவராம். அண்ணே, ஜெபிக்கத்தான் பூட்டச் சொன்னார், சாந்தத்துக்குப் பரீட்சை எழுத அல்ல! பூட்டிய அறையில் எனக்கு யார்மேல் கோபம் வரும்? மின்விசிறி மேலா? குறுக்கே பேச ஆளில்லை, மறுத்துச் சொல்ல ஆளில்லை. அங்கே நானும் சாந்தம், நீங்களும் சாந்தம், ஊரே சாந்தம்! மூன்று மணி நேரம் உபவாச ஜெபம் முடித்துவிட்டு, கதவைத் திறந்ததும் பாத்திரம் தேய்க்கிற அம்மாவை வாயில் வந்தபடி ஏசுகிறவர்களை நாம் பார்த்ததில்லையா? அந்த அம்மாவுக்கும் சேர்த்துத்தானே ஆண்டவர் ரத்தம் சிந்தினார்?

சரி, மோசேயைச் சாட்சிக்கு அழைத்தது நீங்கள். சீனாய் மலையில் 40 நாள் இருந்தாரே என்றீர்கள். இருந்தார். இறங்கி வந்து என்ன செய்தார்? கற்பலகைகளை மலையடிவாரத்தில் போட்டு உடைத்தார்! கன்றுக்குட்டியைச் சுற்றி ஆடினால் கோபம் வராதா என்பீர்கள். வரும், நியாயமான கோபம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூமியிலுள்ள எல்லாரையும்விட மோசே சாந்தமானவர் என்று வேதம் சான்றிதழ் கொடுப்பது எங்கே? மலை உச்சியிலா? எண்ணாகமம் 12-ஆம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். கூடப் பிறந்த அக்காள் மிரியாமும் அண்ணன் ஆரோனும், அவர் கட்டிய மனைவியைச் சாக்கிட்டுப் பழி பேசுகிறார்கள். கர்த்தர் இவனோடு மட்டுமா பேசினார் என்று பொறுப்பிலேயே கை வைக்கிறார்கள். மோசே தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வாய் திறக்கவில்லை. திறந்தது எதற்கு? மிரியாமுக்குக் குஷ்டம் வந்தபோது, அவளைக் குணமாக்கச் சொல்லிக் கர்த்தரிடம் கெஞ்சுவதற்கு! பழிச்சொல்லுக்கும் அந்த ஜெபத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது அந்தச் சான்றிதழ் வசனம்.

இரண்டாவதாகப் பேசிய தங்கை, வேதபாடத்தில் சண்டைதான் மிச்சம், ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா என்று மல்லுக்கட்டுகிறார்கள் என்றார். ஆமாம்மா, மல்லுக்கட்டுகிறோம். சாந்தத்துக்கு வேலை அங்கேதான்! எபேசுவில் அப்பொல்லோ என்ற பேச்சாளர் வாய் திறந்தால் ஜெபஆலயமே அதிரும். ஆனால் ஞானஸ்நானம் என்றால் யோவான் கொடுத்ததோடு நின்றுவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் செய்து பிழைப்பவர்கள். "நிறுத்தய்யா" என்று கூட்டத்தில் எழுந்தார்களா? தங்களோடு அழைத்துக்கொண்டுபோய் விளக்கிச் சொன்னார்கள். அத்தனை கற்றவர் அவர்களிடம் கேட்டுக்கொண்டாரே, அதுதான் வேதபாடம்.

எங்கள் தெருவில் புதன்கிழமை தோறும் வேதபாடத்துக்குக் கூடுகிறோம். ஆளுக்கு மூன்று வசனம். கீரை விற்கும் அம்மா ஒருவர், முதியோர் கல்வியில் எழுத்துக்கூட்டப் படித்தவர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், லகரம் பிசகினாலே நாற்காலியைவிட்டு எழுந்துவிடுவார். தானியேல் புத்தகம் ஓடுகிறது. அந்த அம்மா வந்து மாட்டினார் நேபுகாத்நேச்சாரிடம்! முதல் வாரம் ஐயா முந்திக்கொண்டு பெயரைச் சொல்லிவிட்டார். அந்த அம்மா முகம் சுருங்கி வேதாகமத்தை மூடிவிட்டார். அடுத்த வாரமும் அதே ராஜா. ஐயா அந்த வரியில் விரலை ஊன்றிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நே... பு... காத்... மூச்சு வாங்குகிறது... நேச்... சார்! முடிந்ததும் ஐயா ஒரு 'ஆமென்' போட்டார் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்! நாற்பது வருஷம் பிரம்பெடுத்த கை ஐயா, அது ஒரு பெண்ணுக்காக அடங்கிக் காத்திருந்தது. எந்தப் பூட்டிய அறை இதைக் கற்றுக்கொடுக்கும்?

இது நேற்று முளைத்த பழக்கமும் அல்ல. 1675-ல் ஜெர்மனியில் ஸ்பேனர் என்ற போதகர் சபை சீர்ப்பட வழி சொல்லி ஒரு சிறு புத்தகம் எழுதினார். சபையார் கூடி வேதத்தைப் படித்துப் பேச வேண்டும் என்றார். மாற்றுக் கருத்துக்காரரோடு அன்பாக வாதாட வேண்டும் என்றார். ஒரே புத்தகத்தில் இரண்டும்! அவர் வழியில் எழுந்த கிறிஸ்தவப் பக்தி இயக்கத்திலிருந்து வந்தவர்தான் 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு. 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அங்கே அச்சாகி வந்தது. ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்துப் படிக்கவா அச்சடித்தார்கள்?

கடைசியாக, எங்களை 'வாயாடிக் கூட்டம்' என்றார் அண்ணன். வருகிற புதன் ராத்திரி ஏழு மணிக்கு வாருங்கள் அண்ணே. யாக்கோபு நிருபம் 3-ஆம் அதிகாரம், நாவைப் பற்றியது. முதல் மூன்று வசனம் உங்களுக்கு. வாசித்து முடித்ததும் எட்டுப் பேர் எட்டுத் திசையிலிருந்து கேள்வி கேட்போம். கோபப்படாமல் நீங்கள் பதில் சொல்லிவிட்டால், நடுவர் அவர்களே, எங்கள் அணி ஜெயித்தது என்று அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.