அடுத்த வீட்டு அழுகுரல்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா மேடையில் சங்கம் கடந்து வந்த பாதையைப் பேசுவது மரபு. அப்பணியை எனக்கு முன் பேசிய பெரியவர் செவ்வனே செய்துவிட்டார். ஆகவே, விழாவின் மகிழ்ச்சிக்குப் பொருந்தாத ஒரு செய்தியைப் பேச உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். பெற்ற பிள்ளையையே வதைத்தவர்களைப் பற்றி நாளேட்டில் செய்தி வரும்போதெல்லாம் நம் தேநீர்க் கடையில் ஒரே குரல் எழுகிறது. "தூக்கில் போட வேண்டும்" என்கிறார்கள். நானும் அவ்வாறு சொன்னவனே. அச்சினத்தில் பொய் இல்லை. ஆனால் ஒரு வாரம் கழித்து, அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கடையில் ஒருவருக்கும் தெரியாது.

இச்சினத்தின் வரலாற்றில் மேரி எல்லன் என்ற சிறுமிக்கு ஓர் இடம் உண்டு. 1874 ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரம். ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழும் அடுக்குக் குடியிருப்பு ஒன்றில், பத்து வயதுச் சிறுமியை வளர்ப்புத் தாய் நாள்தோறும் சாட்டையால் அடித்தாள். கத்தரிக்கோலால் முகத்தைக் கிழித்தாள். அச்சிறுமியை அந்த வீட்டில் ஒப்படைத்ததே நகரத்தின் அறப்பணித் துறைதான். ஆண்டுதோறும் பிள்ளையின் நலத்தைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஓரிரு முறைக்கு மேல் அது நடைபெறவில்லை. ஏன் என்று கேட்பாரும் இல்லை. அழுகுரல் மட்டும் சுவரைக் கடந்து அண்டை வீட்டாருக்கு நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தது.

எட்டா வீலர் என்ற திருச்சபை ஊழியப் பெண்மணி இதனை அறிந்தார். காவலரிடம் சென்றார், அறநிலையங்களை நாடினார். எங்கும் பயனில்லை. இறுதியில் விலங்குகள் வதைத் தடுப்புச் சங்கத்தின் தலைவர் என்றி பெர்க்கை அணுகினார். "விலங்கிற்குச் சட்டம் இருந்தது, குழந்தைக்கு இல்லை" என்று இவ்வழக்கைப் பற்றி மேடைகளில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. முழு உண்மை ஆகாது. பிள்ளையை வதைப்பது அன்றும் குற்றமே. சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்ட ஆள்தான் இல்லை. பெர்க்கும் அவருடைய வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் ஜெரியும் தட்டினார்கள். போர்வையில் சுற்றி நீதிமன்றத்திற்குத் தூக்கிவரப்பட்ட சிறுமியைக் கண்டு நகரமே கொதித்தது. வளர்ப்புத் தாய்க்கு ஓராண்டுக் கடுஞ்சிறை கிடைத்தது. அவ்வாண்டிலேயே குழந்தைகள் வதைத் தடுப்புச் சங்கமும் தோன்றிற்று.

ஓராண்டு போதாது என்று நீங்கள் எண்ணலாம். நானும் எண்ணுகிறேன். எனினும் வீலரின் குடும்பத்தார் அச்சிறுமியை ஏற்று வளர்த்தனர். அவள் மணம் முடித்து, பிள்ளைகளைப் பெற்று, ஒரு மகளுக்கு எட்டா என்றே பெயரிட்டு, 1956 வரை வாழ்ந்தாள். அந்த 82 ஆண்டு வாழ்வைச் சிறைச்சாலை தரவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அச்சங்கத்தின் ஆட்களைக் கண்டு, பிற நாடுகளிலிருந்து குடியேறி வந்த ஏழை மக்கள் நடுங்கினார்கள். வறுமை எது, வதை எது என்று பாராமல் பிள்ளையைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்பதே அவர்கள் அச்சம். நம் காலத்திலும் இலண்டனில் 2007 இல், பதினேழு மாதக் குழந்தையொன்று தன் வீட்டிலேயே வதைக்கப்பட்டு இறந்தது. எட்டு மாதங்களில் அலுவலரும் மருத்துவரும் ஏறத்தாழ 60 முறை பார்த்த குழந்தை அது! மறு ஆண்டில் வழக்கு வெளிப்பட்டபோது, நலத்துறை ஊழியரை நீக்கக் கோரிப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். அதன்பின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கோரும் விண்ணப்பங்கள் நீதிமன்றங்களில் பெருகின.

நம் நாட்டில் 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 75 ஆம் பிரிவில், பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அடித்து வதைத்தாலோ, கைவிட்டாலோ, வேண்டுமென்றே புறக்கணித்தாலோ மூன்றாண்டு வரை சிறையோ, ஓர் இலட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. பிள்ளை உடல் ஊனமுற்றால் தண்டனை பத்தாண்டு வரை உயரும். பெற்றோர் தம் கைமீறிய சூழ்நிலையால் பிள்ளையைக் கைவிட நேர்ந்திருந்தால் தண்டனை இல்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. 'வேண்டுமென்றே' என்னும் அச்சொல்லை இளைஞர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். செங்கற்சூளையில் கல் அறுக்கும் தாய், மரக்கிளையில் சேலைத் தூளி கட்டி, ஆறு வயது மூத்தவளைக் காவல் வைத்துவிட்டுப் போகிறாள். காரில் போகிறவர் கண்ணுக்கு அது புறக்கணிப்பாகத் தோன்றும். அவளுக்கு வேண்டியது பால்வாடியும் நியாயமான கூலியும் ஆகும், விலங்கு அன்று.

இதைச் சொல்லும்போதே என் நெஞ்சு என்னைக் குத்துகிறது. வறுமை என்ற போர்வைக்குள் நாம் மூடி வைத்த வதைகளும் உண்டு.

இச்சங்கம் தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன், நான் ஆசிரியனாக இருந்த பள்ளியில் நம் குடியிருப்புச் சிறுவன் ஒருவன் படித்தான். கணக்கில் கெட்டிக்காரன். தகப்பன் குடித்துவிட்டு வந்து விறகுக் கட்டையால் அடிப்பான். முதுகுத் தழும்பை நான் கண்ணால் கண்டேன். பெரியவர்களிடம் சொன்னேன். "போலீசுக்குப் போனால் சேரிக்குள் ஜீப் வரும் வாத்தியாரே, ஒருவனைத் தேடி வந்து பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு போவான்" என்றார்கள். அது வெறும் சாக்கு அல்ல. அப்படி ஏற்றிச் சென்றதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே தகப்பனை அழைத்து மன்னிப்புக் கேட்கச் செய்து, பஞ்சாயத்தைக் கலைத்தோம். அடுத்த மாதம் பையனின் இடது கை முறிந்தது. பள்ளியும் நின்றது. பல ஆண்டுகளுக்குப்பின் ஒரு பட்டறையில் அவனைக் கண்டேன். அந்தக் கை தோளுக்கு மேல் எழவில்லை. தகப்பனைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "உங்களுக்குத் தெரியும் இல்லையா, சார்?" என்று மட்டும் கேட்டான்.

இன்று வழி சற்றுத் திறந்திருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திற்கும் குழந்தைகள் நலக் குழு என்ற அமைப்பைச் சட்டம் தந்திருக்கிறது. 1098 என்ற எண்ணிற்குப் பிள்ளையே தொலைபேசியில் பேசலாம். காவல் நிலையத்திற்குத் தனியாகப் போக அஞ்சும் தாயுடன் படித்த நம் இளைஞர் இருவர் போகலாம். நலக் குழுவின் முன் அவளுக்காகப் பேசலாம். தகப்பன் சிறை சென்றால் அந்த வீட்டில் உலை கொதிக்கிறதா என்று பார்ப்பதும் அவ்விருவர் பொறுப்பு. இல்லையேல் அடுத்த முறை அத்தாய் வாய் திறக்கமாட்டாள்.

தெருவிற்கு இரண்டு தாய்மார், ஓர் இளைஞர் என ஒரு குழு அமைக்க வேண்டும் என்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த எண்ணை நம் படிப்பகச் சுவரில் பிள்ளைகளின் கண்மட்டத்தில் எழுதவும் கேட்டிருக்கிறேன். வரும் ஞாயிறு செயற்குழு கூடுகிறது. மேலத்தெருவிற்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.