ஏழாம் வட்டாரத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்?

('பழையதா, புதியதா?' என்ற தலைப்பில் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசியவர்கள் பாட்டையும் படத்தையும் எடுத்துக் கொண்டார்கள். நான் ஒரு வீடியோ விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். பெரியவர்கள் அதற்காக அலைவரிசையை மாற்றிவிட வேண்டாம். ஒரு கம்பெனி ஏழைகளின் குடியிருப்பை அழித்த கதை அது. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு அந்தக் கதை புரியாமல் போகாது.

விளையாட்டின் பெயர் ஃபைனல் ஃபேண்டசி 7. ஜப்பானின் ஸ்குவேர் நிறுவனம் 1997 ஜனவரியில் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்டது. மூன்று வட்டுகள். லாபு பக்கத்தில் எங்கள் தோட்டத்துக்கு அது வந்து சேர ஒன்றரை வருடம் ஆனது. பெரியப்பா மகன் சிரம்பான் பசார் மாலாமில் வட்டு ஐந்து வெள்ளி என்று வாங்கி வந்தான். திருட்டு வட்டுதான், மறைக்கவில்லை. மூன்றாவது வட்டு ஓடவே இல்லை. அதனால் கதையின் முடிவு தெரியாமலே வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

இந்த வகை விளையாட்டில் நாம் ஒரு வீரனாக மட்டும் ஓடுவதில்லை, ஒரு குழுவையே நடத்துகிறோம். ஒருவர் வாள் வீசுவார், ஒருவர் மந்திரம் போடுவார், ஒருவர் காயம் ஆற்றுவார். சண்டைக்கு மூன்று பேர் போகலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு நிரம்பும். நிரம்பியதும் அவர் என்ன செய்ய வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும். மந்திரம், மருந்து என்று பட்டியலைத் திறந்தால் நேரம் நிற்கும்படி அமைத்துக் கொள்ளலாம். அந்த இடைவெளியில்தான் எங்கள் லயமே விளையாடியது! பெட்டியின் கட்டுப்பாடு ஒருவன் கையில் இருக்கும். ஆனால் பின்னால் உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேரும் கத்துவார்கள். "டேய், பேரட்டுக்கு மருந்து போடு!" என்று மண்டோர் வீட்டுப் பையன் உத்தரவு போடுவான். அப்பனைப் போலவே.

2020 ஏப்ரலில் இதே கதையை ஸ்குவேர் எனிக்ஸ் புதிதாக ஆக்கி வெளியிட்டது. இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். 1964இல் வந்த 'கர்ணன்' படத்தை 2012இல் மெருகேற்றித் திரையிட்டார்கள். படம் அதே படம், கறைதான் போனது. 2007இல் வந்த 'பில்லா' அப்படியல்ல. 1980இல் ரஜினி நடித்த கதையை அஜித்தை வைத்து, நம் மலேசியாவுக்கே கொண்டு வந்து, மறுபடி எடுத்தார்கள். விளையாட்டிலும் இரண்டும் உண்டு. 1998இல் வந்த பால்டர்ஸ் கேட் 2012இல் கர்ணனைப் போலத் திரும்பி வந்தது. ஃபைனல் ஃபேண்டசி 7 பில்லா வகை. அதுவும் பழைய கதையின் முதற்பகுதியை மட்டும் எடுத்து, முன்பு சில மணி நேரத்தில் முடிந்ததை முப்பது, நாற்பது மணி நேரமாக நீட்டியிருக்கிறார்கள்.

சண்டை முறையும் மாறிவிட்டது. இப்போது விரல் ஓயாமல் அடிக்க வேண்டும். கட்டளை கொடுக்கும்போது நேரம் மெதுவாகும், நிற்காது. பழைய ஆட்களுக்காக ஓர் எளிய வழியும் வைத்திருக்கிறார்கள்: அதில் பாத்திரங்கள் தாமே சண்டை போடும், நாம் கட்டளை மட்டும் கொடுக்கலாம். ஆனால் எட்டுப் பேர் சேர்ந்து கத்த அதில் இடமில்லை. எட்டுப் பேர் ஓர் அறையில் கூடுவதும் இப்போது இல்லை, அது வேறு விஷயம்.

கதைக்கு வருகிறேன். மிட்கார் என்ற நகரம். ஷின்ரா என்ற மின்சாரக் கம்பெனி பூமியின் உயிர்ச்சக்தியை உறிஞ்சுகிறது. வசதியானவர்கள் தூண்கள் தாங்கும் பெரிய தட்டுகளின் மேல் வாழ்கிறார்கள். ஏழைகள் அந்தத் தட்டுகளுக்குக் கீழே, வெயில் படாத குடிசைகளில். எதிர்ப்பாளர்களை ஒழிக்க, ஏழாம் வட்டாரத்தின் தூணைக் கம்பெனியே தகர்க்கிறது. தட்டு விழுகிறது. கீழே இருந்த குடியிருப்பு நசுங்குகிறது. பழியும் எதிர்ப்பாளர்கள் மேலேயே விழுகிறது.

1997 விளையாட்டில் அந்தக் குடியிருப்பு எப்படி இருந்தது தெரியுமா? ஒரு மதுக்கடை, ஒரு பொருள் கடை, விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். அந்தக் காலத்துப் பெட்டியின் சக்தி அவ்வளவுதான். வெளியாள் கார் கண்ணாடி வழியாகத் தோட்டத்தைப் பார்ப்பதுபோல. ஒரு கோயில், ஒரு கடை, நாலு நாய், முடிந்தது. தட்டு விழும்போது எத்தனை பேர் போனார்கள் என்பதே நம் மனதில் பதியாது.

2020இல் வந்ததில் அங்கே ஊர் இருக்கிறது. வாடகைக்கு வீடு விடும் ஒரு கிழவி, வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி கொடுத்துக் காசு வாங்கும் வேலை, ஊர்க்காவல் இளைஞர்கள், காணாமல் போன மூன்று பூனைகளைத் தேடும் சிறுமி. நான் அந்த அத்தியாயத்தில் இரண்டு இரவு சுற்றிக் கொண்டே இருந்தேன். எங்கள் லயத்தை யாரோ பார்த்துவிட்டு வந்து வரைந்தது போலிருந்தது.

எங்கள் தோட்டம் 2003இல் கைமாறியது. பெயர் வேண்டாம். பால் மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீட்டுமனை ஆனது. நீலாய், லாபு, செண்டாயான் பக்கம் போகிறவர்கள் இதை எத்தனையோ முறை பார்த்திருப்பார்கள். நாங்கள் இருந்த லயத்தில் 12 வீடு. இன்றைக்கும் என் அம்மா முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை யார் யார் இருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்வார். அதனால் ஏழாம் வட்டாரத்துக்கு முகம் கொடுத்ததற்காகப் புதிய விளையாட்டுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் முகம் கொடுத்தவர்களே அடுத்து ஒன்றைச் செய்துவிட்டார்கள். தட்டு விழுவதற்குள் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிட்டார்கள்! பழையதில் பிக்ஸ், வெட்ஜ், ஜெஸ்ஸி மூவரும் மாண்டு போவார்கள். பேரட் இடிபாட்டின் முன் நின்று அவர்கள் பெயரைச் சொல்லிக் கத்துவான், கையிலுள்ள துப்பாக்கியால் கல்லைச் சுடுவான். அவ்வளவுதான், யாரும் வர மாட்டார்கள். புதியதில் வெட்ஜ் ஓடி ஓடி மக்களை வெளியேற்றுகிறான். பிக்ஸ் உயிரோடு கட்டிலில் கிடப்பதைக் கடைசியில் காட்டுகிறார்கள்.

"மனுசங்க பிழைச்சா தப்பாப்பா?" என்று என் மகள் கேட்டாள். தப்பில்லை, அம்மா. ஆனால் சாவு குறையக் குறைய, தூணைத் தகர்த்தவனின் குற்றமும் சின்னதாகிவிடுகிறது. பழைய விளையாட்டிடம் ஆட்கள் இல்லை, இழப்பு இருந்தது. புதியதிடம் ஆட்கள் இருக்கிறார்கள், இழப்பைக் கையில் எடுக்கத் தயங்குகிறது. இத்தனைக்கும் பழையதை இயக்கிய யோஷினோரி கிடாசேதான் புதியதற்குத் தயாரிப்பாளர். 2024இல் இரண்டாம் பகுதி வந்தபோது, முதல் வட்டின் முடிவில் எங்களை அழவைத்த ஏரித்தின் மரணத்தையே மங்கலாக்கிவிட்டார்கள். அன்றைக்கு எட்டுப் பேரும் வாய் பேசாமல் வீட்டுக்குப் போனோம். அவரவர் வீட்டில் சோறு இறங்கவில்லை என்று மறுநாள்தான் தெரிந்தது.

அம்மாவுக்குப் புதிய விளையாட்டைக் காட்டினேன். தட்டு விழும் காட்சி வரை பேசாமல் பார்த்தார். பிறகு கேட்டார்: "தப்பிச்சவங்களுக்கு வீடு யாருடா கொடுத்தா?" அவரை அன்றைக்கு ஐந்தாம் மாடியில் குடியேற்றியவர்களிடமும் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் கேட்டார்.

நேயர்களில் இளையவர்கள் எதை ஆடுவது என்று கேட்பார்கள். பழையது 2015 முதல் கைப்பேசிக்கும் வந்துவிட்டது, திருட்டு வட்டு தேட வேண்டியதில்லை. முதலில் அதை ஆடுங்கள். பிறகு புதியதற்குப் போங்கள். அதில் மூன்றாம் அத்தியாயம் வரும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். கதைக்குத் தேவையில்லை என்று அந்தப் பூனை தேடும் வேலையைத் தள்ளிவிட்டு ஓடாதீர்கள். மூன்றாவது பூனை கிடைக்கச் சற்று நேரமாகும்.