மினசோட்டா: ஏரியும் காடும் ஊரும்



ஒரு நாட்டை அறிய விரும்புவோர் பெரும்பாலும் அதன் தலைநகரிலிருந்தே தொடங்குவர். அரசும் வாணிகமும் கலையும் அங்கே திரண்டிருத்தலின் அது எளிய வழியே. ஆயினும் சில நிலங்களை அவற்றின் நீர்நிலைகளைக் கொண்டே அறிதல் வேண்டும். நம் வன்னி நாட்டை அறியப் புகுவோன் குளங்களை விடுத்து வேறெதனை அறிவான்? ஊர்ப் பெயர்கள் பலவும் குளத்தின் பெயர்களாகவே அமைந்துவிட்ட நிலம் அது. அத்தகைய நிலமொன்று வட அமெரிக்காவிலும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட எல்லையில், கனடாவைத் தொட்டுக் கிடக்கும் மினசோட்டா மாநிலத்தையே குறிப்பிடுகின்றேன்.

பரப்பளவில் அம்மாநிலம் இலங்கையைப்போல் ஏறக்குறைய மூன்றரை மடங்கு பெரியது. குடிகளோ 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி 57 இலட்சமே. 1858ஆம் ஆண்டில் அது ஐக்கிய நாடுகளின் முப்பத்திரண்டாம் மாநிலமாயிற்று. டகோட்டா என்னும் பழங்குடியினர் மொழியில், வானத்தின் சாயலைத் தன்னகத்தே காட்டும் நீர் என்பதே அதன் பெயர்ப்பொருள் என்பர். 'பதினாயிரம் ஏரிகளின் நாடு' என்பது அம்மக்கள் தங்கள் மாநிலத்துக்குச் சூட்டிய சிறப்புப் பெயர். இஃது உயர்வு நவிற்சி அன்று. பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகளை மட்டும் எண்ணினால் 11,842 எனக் கணக்கிட்டிருக்கின்றனர்.

இங்கே நமக்கும் அவர்க்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். கட்டுக்கரையும் வவுனிக்குளமும் இரணைமடுவும் மனிதர் அணையெழுப்பி ஆக்கியவை. மினசோட்டாவின் ஏரிகளை ஆக்கியது பனி. பன்னீராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வரை அந்நிலத்தின்மேல் மிகத் தடித்த பனிப்படலம் கிடந்தது. அது நகர்ந்தபோது வடகிழக்கே கற்பாறையைச் சுரண்டிப் பள்ளமாக்கியது. அது பின்வாங்கியபோது மணலிலும் பரற்கல்லிலும் புதையுண்ட பெரும் பனிக்கட்டிகள் மெல்ல உருகின. அவை கிடந்த குழிகளில் நீர் நிறைந்தது. மனிதன் கட்டிய குளம் உடைந்தால் மீண்டும் கட்டலாம். பனி தோண்டித் தந்த ஏரி கெட்டால் அதனை மீளச் செய்வார் எவருமிலர். இன்றைய பேச்சின் உட்பொருள் இதுவே.

முதலில் வடமேற்கே செல்வோம். அங்கே பைன் மரங்களின் நடுவே இத்தாஸ்க்கா என்றோர் ஏரி இருக்கின்றது. அதன் ஒரு முனையிலிருந்து கால்வாய் போன்ற சிறிய நீரோட்டம் புறப்படுகின்றது. முழங்காலளவு ஆழமே உடைய அதனைச் சிறுவரும் கல்லின்மேல் அடியிட்டுக் கடந்துவிடுவர். அதுவே மிசிசிப்பி! மூவாயிரத்து எழுநூறு கிலோமீற்றருக்கு மேலோடி மெக்சிக்கோ வளைகுடாவிற் கலக்கும் மாநதியின் தொடக்கம் அவ்வளவுதான். 1832ஆம் ஆண்டில் ஹென்றி ஸ்கூல்கிராப்ட் என்பவர் இதனைக் கண்டுபிடித்தார் என நூல்கள் கூறும். அவரை அங்கே அழைத்துச் சென்று காட்டியவர் ஒசாவிண்டிப் என்னும் ஒஜிபுவே இனத் தலைவர். வழி தெரிந்தவனுக்குப் பின்னே நடந்தவனைக் கண்டுபிடித்தவன் என்பது உலக வழக்கமாய்ப் போயிற்று.

அவ்வேரியைச் சூழ்ந்த காடு 1891ஆம் ஆண்டில் மாநிலப் பூங்காவாக்கப்பட்டது. சட்டம் பிறந்ததும் காடு காக்கப்பட்டுவிட்டது என எண்ணற்க. மரம் வெட்டும் கம்பனியார் வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிடுதற்கு அணைகட்டி நீரைத் தேக்கினர். உயர்ந்த நீரிற் கரையோர மரங்களின் வேர்கள் மூழ்கின. 1903ஆம் ஆண்டில் மேரி கிப்ஸ் என்னும் இருபத்துநான்கு வயதுப் பெண், இறந்துபோன தந்தையாரின் இடத்தில் அப்பூங்காவின் ஆணையாளராக நியமிக்கப்பட்டார். அணைக்கதவைத் திறக்கச் சென்ற அவரைத் துப்பாக்கி காட்டி மிரட்டினர். அவர் பதவியில் இருந்தது சில திங்களே. ஆயினும் இன்று மிசிசிப்பியின் தோற்றுவாயைக் காணச் செல்வோரை வரவேற்கும் நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

அக்காலத்தில் மினசோட்டாவின் வெண்பைன் காடுகள் அமெரிக்காவின் புதிய நகரங்களுக்கெல்லாம் வீடாகவும் கூரையாகவும் சென்றுகொண்டிருந்தன. அடிமரத்தை எடுத்துக்கொண்டு கிளையையும் சருகையும் நிலத்திலே விட்டுச் செல்வது வெட்டுவோர் வழக்கம். 1894ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி, மழை காணாத கோடையின் இறுதியில், அந்தச் சருகிலே தீப் பற்றியது. ஹிங்க்லி என்னும் ஊரும் அதன் அயலூர்களும் சில மணி நேரத்திற் சாம்பராயின. நானூறு பேருக்கு மேல் மாண்டனர். ஜேம்ஸ் ரூட் என்னும் புகையிரதச் சாரதி தம் கைகள் வேகவும், மக்களை ஏற்றிய வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தி, ஆழமற்ற சேற்று ஏரியொன்றின் கரையிற் சேர்த்தார். அந்தச் சேற்றிற் படுத்தவர்கள் பிழைத்தனர். காடு இருந்தவரை அவ்வேரியை ஒருவரும் பொருட்படுத்தியிருக்கமாட்டார். 1918ஆம் ஆண்டில் குளோக்கே நகரை அழித்த தீயிலும் ஏறத்தாழ நானூற்றைம்பது பேர் இறந்தனர். முதல் தீயின் பாடத்தை இரண்டாம் தீக்குப் பின்னரும் கற்கவேண்டியிருந்தது.

காட்டைக் கடந்து கிழக்கே சென்றால் மெசாபி என்னும் இரும்புத் தொடரை அடைவோம். 1890ஆம் ஆண்டில் மெரிற் சகோதரர் அங்கே இரும்புத் தாது இருப்பதைக் கண்டனர். ஹிப்பிங் என்னும் ஊர் அதனால் எழுந்தது; அதனாலேயே இடம் பெயர்ந்தது. ஊருக்கு அடியிலும் தாது கிடந்தமையால், 1919ஆம் ஆண்டு தொடங்கி வீடுகளையும் விடுதிகளையும் மரவுருளைகளின்மேல் ஏற்றி, இரண்டு மைல் தெற்கே இழுத்துச் சென்றனர். ஊரிருந்த இடம் இன்று மூன்று மைலுக்கு மேல் நீண்ட பெருங்குழியின் பகுதி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா உருக்கிய இரும்பிற் பெரும்பகுதி இத்தொடரிலிருந்தே சென்றது. 2016ஆம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபெல் பரிசு பெற்ற பாடகர் பொப் டிலன் வளர்ந்த ஊரும் இதுவே.

ஹிப்பிங்குக்கு அண்மையில் ஒரு மேட்டுநிலம் உண்டு. அங்கே விழும் மழை மூன்றாய்ப் பிரியும். ஒரு பகுதி வடக்கே ஹட்சன் குடாவுக்கும், ஒரு பகுதி தெற்கே மிசிசிப்பி வழியாக மெக்சிக்கோ வளைகுடாவுக்கும், ஒரு பகுதி கிழக்கே பேரேரிகள் வழியாக அத்திலாந்திக் சமுத்திரத்துக்கும் போகும். வெளியிலிருந்து மினசோட்டாவுக்குள் வரும் நீர் மிகச் சிறிது. அதனின்றும் வெளியே செல்லும் நீரே பெரிது. ஆதலின் அங்கே ஒருவன் நீரை அழுக்காக்கினால் அதனைக் குடிப்பவன் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பான்.

கிழக்கே ஓடும் நீர் சென்று சேருமிடம் சுப்பீரியர் ஏரி. பரப்பில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி அது; நம் இலங்கைத் தீவு முழுவதையும் அதனுள் வைத்தாலும் சுற்றிலும் நீர் எஞ்சும். அதன் கரையில் துலூத் என்னும் துறைமுக நகரம் இருக்கின்றது. நகர மக்கள் குடிப்பது அவ்வேரியின் நீரையே. உயர்தரத் தாது குறைந்த பின்னர், தக்கோனைட் எனப்படும் கடும்பாறையை அரைத்து இரும்பு பிரிக்கும் முறை வந்தது. துலூத்துக்கு வடகிழக்கே சில்வர் பே என்னுமிடத்தில் 1950களில் எழுந்த ஆலை, பிரித்தெடுத்த பின் எஞ்சிய கழிவை நாள்தோறும் 67,000 தொன் வரை ஏரியிற் கொட்டியது. அதற்கு மாநில அரசு 1947ஆம் ஆண்டிலேயே அனுமதி அளித்திருந்தது. 1973ஆம் ஆண்டில், கல்நாரையொத்த நுண்ணிழைகள் துலூத்தின் குடிநீரிற் காணப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 1974ஆம் ஆண்டு ஏப்பிரலில் மைல்ஸ் லோட் என்னும் நீதிபதி ஆலையை மூடுமாறு கட்டளையிட்டார். இரண்டு நாளில் மேல்நீதிமன்றம் அக்கட்டளையை நிறுத்திவைத்தது. ஆலையை நம்பி வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் ஒருபுறம். அந்நீரைக் குடித்த தாய்மாரும் குழந்தைகளும் மறுபுறம். முடிவில், 1980ஆம் ஆண்டில் ஏரியிற் கொட்டுதல் நின்றது. கழிவு தரையிலே தேக்கப்பட்டது. ஆலையும் தொடர்ந்து இயங்கியது. ஊழியத்தையும் நீரையும் ஒருங்கே காக்க வழி இருந்தது. அவ்வழியைத் தேடத் தொடங்குதற்கே காலம் பிடித்தது.

இனி, சோறுண்ணும் நமக்கு இனிக்கும் ஒரு செய்தி. வடபகுதியின் ஆழங்குறைந்த ஏரிகளிலே ஒரு வகைத் தானியம் தானே விளைகின்றது. ஒஜிபுவே மக்கள் அதனை 'மனோமின்' என்பர். நம் நெல்லுக்கு நேரினமன்று. ஆயினும் உறவுடைய புல்லினம். நீரின்மேல் உணவு விளையும் நிலத்தை நாடிச் செல்லுமாறு பணிக்கப்பட்டே தம் முன்னோர் கிழக்கிலிருந்து அங்கு வந்தனர் என்பது அவர்களின் மரபுக்கதை. ஓகஸ்ட் இறுதியிலும் செப்டெம்பரிலும் இருவர் இருவராய்த் தோணியிற் செல்வர். ஒருவர் நீண்ட கழியால் தோணியை உந்துவார். மற்றவர் இரு கோல்களால் கதிரை வளைத்து மெல்லத் தட்டுவார். முற்றிய மணி தோணியில் விழும். தவறியது நீரில் விழுந்து மறு ஆண்டுக்கு விதையாகும்.

இத்தானியம் நீரின் தூய்மையை மிக நுட்பமாக உணர்வது. சுரங்கக் கழிவிலிருந்து வரும் சல்பேற்று, ஏரியின் அடிச்சேற்றிற் சல்பைட்டாக மாறி வேரைக் கெடுக்கும். அதனால் மனோமின் விளையும் நீரில் லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் சல்பேற்று இருத்தலாகாது என 1973ஆம் ஆண்டில் மாநிலம் விதி செய்தது. விதியை எழுதுதல் எளிது, நடைமுறைப்படுத்துதல் அரிது. இன்றுவரை அதுபற்றிய வழக்காடல் ஓயவில்லை. 1837ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஒஜிபுவேயர் தம் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது, அங்கே வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் தானியம் திரட்டவும் தமக்குள்ள உரிமையை வைத்துக்கொண்டனர். அவ்வுரிமை அழியவில்லை என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1999ஆம் ஆண்டில். அதுவும் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில்.

கனடா எல்லையோரமாகப் பத்து இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட காடும், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகளும் காப்பு நிலமாய் உள்ளன. 1964ஆம் ஆண்டுச் சட்டமும் 1978ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைக் காக்கின்றன. அங்கே பெரும்பாலான ஏரிகளில் இயந்திரப் படகு செல்லலாகாது. துடுப்பு வலித்துச் சென்று, நிலம் குறுக்கிட்டால் தோணியைத் தோளிற் சுமந்து அடுத்த ஏரியில் இறக்கவேண்டும். அதன் அயலிற் செம்பும் நிக்கலும் அகழ வேண்டுமென்போரும் கூடாதென்போரும் நெடுங்காலமாக வாதிடுகின்றனர். 2023ஆம் ஆண்டில், இருபது ஆண்டுகளுக்கு அங்கே சுரங்கக் குத்தகை கொடுப்பதில்லை என்ற கட்டளை பிறந்தது. வாதம் அதனோடு முடிந்துவிடவில்லை.

தெற்கே இறங்கினால் காடு மறைந்து வயல்வெளி விரியும். ஒருகாலத்தில் அது புல்வெளியும் சதுப்புமாய்க் கிடந்த டகோட்டா மக்களின் நிலம். 1851ஆம் ஆண்டு உடன்படிக்கைகளால் அதனை இழந்த அம்மக்கள், வாக்களித்த பணமும் உணவும் வந்து சேராது பட்டினியால் வாடி, 1862ஆம் ஆண்டிற் போருக்கு எழுந்தனர். நூற்றுக்கணக்கான குடியேறிகள் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு டிசெம்பர் 26ஆந் திகதி மங்கேற்றோ நகரில் முப்பத்தெட்டு டகோட்டா ஆடவர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டனர். எஞ்சியோரிற் பெரும்பாலார் அடுத்த ஆண்டு நாடுகடத்தப்பட்டனர். பின்னர் வந்த உழவர் நிலத்தடியிற் குழாய் பதித்துச் சதுப்பை வடித்தனர். விளைச்சல் பெருகியது. வயலின் உரமும் மண்ணும் அக்குழாய் வழியே ஆற்றுக்குச் சென்றன. அதன் பயனாக, மிசிசிப்பியின் அகன்ற பகுதியாகிய பெப்பின் ஏரி முன்னைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு வேகத்தில் தூர்ந்து வருகின்றது.

இறுதியாக மினியாப்பொலிஸ் நகரம். நீரைக் குறிக்கும் டகோட்டாச் சொல்லோடு நகரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைப் புணர்த்தி ஆக்கிய பெயர் அது. மிசிசிப்பியின் அருவியொன்று சுழற்றிய ஆலைகளால் 1880 முதல் ஐம்பதாண்டு காலம் உலகின் மாவரைக்கும் தலைநகராய் அது விளங்கியது. நகரினுள்ளே உள்ள பெரிய ஏரிக்கு, அடிமை முறையை ஆதரித்த கல்கூன் என்னும் அரசியல்வாதியின் பெயர் நெடுங்காலம் வழங்கியது. 2018ஆம் ஆண்டில் அதன் பழைய டகோட்டாப் பெயராகிய 'ப்டே மக்கா ஸ்கா' மீட்கப்பட்டது. வழக்கு எழுந்தது, 2020ஆம் ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றம் அப்பெயர் மாற்றத்தை ஏற்றது.

நேயர்களே, இத்தனையும் கேட்டபின், அம்மாநிலத்தார் தம் நீரைக் கெடுத்தவரா, காத்தவரா என நீங்கள் வினவலாம். இரண்டும் அவரே. 2008ஆம் ஆண்டு நவம்பரில், வங்கிகள் சரிந்து மக்கள் வேலையிழந்துகொண்டிருந்த வேளையில், தங்கள் மீது புதியதொரு வரியை விதித்துக்கொள்வதா என்ற கேள்வி வாக்காளர் முன் வைக்கப்பட்டது. நூறு டொலர்ப் பொருள் வாங்கினால் முப்பத்தேழரைச் சதம், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு. நீர், காடு, பூங்கா, கலை என்பவற்றைப் பேணுதற்கென்றே அவ்வரி. பாதிக்கு மேற்பட்டோர் 'ஆம்' என்றனர். ஆட்சியாளர் விதித்த வரியன்று. குடிகள் தாமே ஏற்றுக்கொண்ட சுமை.

நம் குளங்களுக்கும் மேலே காடு உண்டு. கீழே வயலும் ஊரும் உண்டு. மேற்காடு அழிந்தால் குளம் தூரும்; குளம் தூர்ந்தால் வயல் காயும். இதனை நம் கமக்காரர் நெடுங்காலமாக அறிவர். இனி ஓர் ஊருக்குச் செல்லும்போது, இங்கே நீர் எங்கிருந்து வருகின்றது, அதனை எந்தக் காடு காக்கின்றது, இங்கிருந்து அது யாரிடம் போகின்றது என்று மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அவற்றுக்கு விடை சொல்லக்கூடிய முதியவர் ஒருவர் அநேகமாக எவ்வூரிலும் இருப்பார். அவர் சொல்லும்போது உடன் இளையவர் ஒருவரையும் இருத்திக் கேட்கச் செய்யுங்கள்.