மூன்று வாள்கள், மூன்று இலக்குகள்



சிலம்பம் நமக்குப் புதியதன்று. இந்த நாட்டுத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் தம்மோடு கொண்டுவந்த கலைகளுள் அதுவும் ஒன்று. சிலம்பப் போட்டிகளில் கம்பின் நுனியில் ஒட்டும் பொடி தடவும் வழக்கம் உண்டு. எதிராளியின் உடம்பில் பதிந்த அடையாளத்தைக் கொண்டு அடி விழுந்ததை அறிவர். மேல்நாட்டு வாள்வீச்சிலும் கேள்வி இதுதான்: பட்டதா, எங்கே பட்டது? பொடி செய்யும் வேலையை அங்கே மின்சாரம் செய்கிறது. வாள் பட்டதும் விளக்கு எரியும்.

இவ்விளையாட்டு 1896-இல் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றது. கோலாலம்பூரில் 2017-இல் நடந்த சீ விளையாட்டுப் போட்டியிலும் இருந்தது. இதில் மூன்று வகை வாள்கள் உள்ளன.

முதலாவது ஃபாயில். இதன் எடை அரை கிலோவுக்குள் இருக்கும். நுனியால் குத்துவது மட்டுமே கணக்கு. இலக்கு உடற்பகுதி மட்டும். கையிலோ காலிலோ பட்டால் புள்ளி இல்லை. பழங்காலத்தில் வாட்பயிற்சிக்கென்று அமைந்த ஆயுதம் இது. உயிர்நிலைகள் நெஞ்சிலும் வயிற்றிலும் இருப்பதால் அப்பகுதியே இலக்காயிற்று.

இரண்டாவது எப்பே. மூன்றிலும் கனமானது, 770 கிராம் வரை இருக்கலாம். இதிலும் நுனியால் மட்டுமே குத்த வேண்டும். ஆனால் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை முழு உடம்பும் இலக்கு. இருவரும் ஒரே நேரத்தில் தொட்டால் இருவருக்கும் புள்ளி உண்டு.

மூன்றாவது சேபர். இதுவும் அரை கிலோவுக்குள்தான். நுனியால் குத்தலாம், அலகால் வீசியும் தொடலாம். இலக்கு இடுப்புக்கு மேலே: உடம்பு, கைகள், தலை. ஃபாயிலிலும் சேபரிலும் இருவரும் ஒரே நேரத்தில் தொட்டால், தாக்கும் முறை யாருடையது என்று நடுவர் முடிவு செய்து ஒருவருக்கே புள்ளி தருவார்.

சேபரில் பெயர் பெற்றவர் சென்னையைச் சேர்ந்த பவானி தேவி. 2004-இல் பள்ளி மாணவியாக இதைக் கற்கத் தொடங்கினார். வாளின் விலை அதிகம். ஆகவே பயிற்சிக்கு மூங்கில் குச்சி, போட்டிக்கு மட்டும் வாள் என்று பழகினார். மகளுக்காகத் தாயார் நகைகளை அடகு வைத்தார். 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில், வாள்வீச்சில் கலந்துகொண்ட முதல் இந்தியர் என்ற பெருமை பவானிக்குக் கிடைத்தது. முதல் ஆட்டத்தில் 15-3 என வென்றார். அடுத்ததில் 7-15 எனத் தோற்றார். 2023-இல் ஆசியப் போட்டியில் வெண்கலம் பெற்றார். அப்போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

மூங்கில் குச்சி என்றதும் நம் பிள்ளைகளுக்கும் கை துறுதுறுக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 1982-இல் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில், ஒலிம்பிக் வெற்றியாளரான சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்நோவ் ஃபாயில் ஆடிக்கொண்டிருந்தார். எதிராளியின் வாள் முறிந்து முகமூடியைத் துளைத்தது. அக்காயத்தால் அவர் உயிரிழந்தார். அதன்பின் உறுதியான அலகு, முகமூடி, சட்டை ஆகியவை கட்டாயமாக்கப்பட்டன. முகமூடி அணிந்த வீரருக்கே அந்தக் கதி என்றால், வெறும் முகத்துடன் லயத்து வாசலில் குச்சி சுற்றும் சிறுவனின் கண்ணுக்கு என்ன காவல்?

ஆகவே தாய்மார்களே, தந்தையரே, பிள்ளை குச்சியைத் தூக்கினால் பிடுங்கி எறிந்துவிட வேண்டாம். முகத்தை நோக்கி ஓங்கவும் விட வேண்டாம். சிலம்பமோ வாள்வீச்சோ, தெரிந்த ஆசிரியரிடம் முறையாகப் பழகட்டும். ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் படிக்கும் நம் பிள்ளைகள் புறப்பாட நடவடிக்கையில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், "பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்று மட்டும் நாம் கேட்க வேண்டாம். எங்கே தொடலாம், எங்கே தொடக்கூடாது என்ற வரம்புதான் ஆயுதத்தை விளையாட்டாக்குகிறது. அந்த வரம்பைக் கற்ற கை, ஆணின் கையானாலும் பெண்ணின் கையானாலும், எந்த வேலையிலும் நிதானம் தவறாது.