எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது



வழமையாக வரிப் படிவம், ஓய்வூதியம், வீட்டுக்கடன் என்று கணக்கு வழக்குகளைப் பற்றித்தான் இந்த நேரத்தில் உங்களோடு பேசுவேன். இன்று இணையத்தளங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். கணக்காளனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வானொலித் தளத்தின் அறிவித்தல் பக்கத்தைச் சில வருடங்களாகப் பார்த்துக்கொள்பவன் நான்தான். அந்தப் பக்கத்தில் நான் விட்ட பிழை ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு மாரிகாலத்தில் மரண அறிவித்தல் ஒன்று வந்தது. எங்கள் அறிவித்தல்களின் ஒழுங்கு உங்களுக்குத் தெரியும். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பெற்றோர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில்தான் கிரியை நடக்கும் இடமும் நேரமும் வரும். நான் அதை ஒரு பெட்டிக்குள் அழகாக அடக்கி ஏற்றிவிட்டேன். அன்று பின்னேரம் வயதான அம்மா ஒருவர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, எங்கை, எத்தினை மணிக்கு எண்டு போடேல்லையே?"

நான் என் கணனியைப் பார்த்தேன். கடைசி வரி தெளிவாக இருந்தது. "கிடக்குது அம்மா, கீழை வடிவாப் பாருங்கோ" என்றேன். "என்ரை கண்ணும் இப்ப சரியில்லைத் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு எடுக்கவில்லை.

சில கிழமைகள் கழித்து ஒரு வீட்டு விசேடத்தில் அவரைச் சந்தித்தேன். இறந்தவர் அவரோடு ஒன்றாகப் படித்தவராம். இடம் தெரியாமல் செத்தவீட்டுக்குப் போகவில்லை என்றார். அவருடைய பேரன் அந்தப் பக்கத்தைத் தட்டைக் கணனியில் திறந்து என்னிடம் தந்தான். பேரப்பிள்ளைகளின் பெயர்களோடு பெட்டி முடிந்திருந்தது. இடமும் நேரமும் இல்லை. அவருடைய கண்ணில் ஒரு பிழையும் இல்லை. பிழை என் பெட்டியில்.

நேயர்களே, ஒரே பக்கம் இரண்டு திரைகளில் இரண்டு விதமாகத் தெரிவது எப்படி? அச்சடித்த தாள் எல்லார் கைக்கும் ஒரே தாளாகப் போகும். இணையப்பக்கம் அப்படியல்ல. நாங்கள் அனுப்புவது எழுத்தும், அதை எப்படி வைக்க வேண்டும் என்ற அறிவுறுத்தலும் மட்டுமே. அந்த அறிவுறுத்தலுக்குச் சி.எஸ்.எஸ். என்று பெயர். 1994 இல் ஹோகன் வியூம் லீ என்பவர் முன்மொழிந்து, 1996 இல் அது முறையான தரமாக வந்தது. அதை வாசித்துப் பக்கத்தைக் கட்டுவது உங்கள் கணனியில் உள்ள உலாவி: குரோம், பயர்பொக்ஸ், சபாரி, எட்ஜ் போன்றவை. ஒரே சமையல் குறிப்பை நான்கு வீடுகளுக்குக் கொடுத்தால், அந்தந்த வீட்டுச் சட்டியிலும் அந்தந்த வீட்டு அரிசியிலும்தானே சமைப்பார்கள்.

தமிழர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. பாமினி எழுத்துருவில் செய்த பக்கங்களை, அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். யூனிகோட் வந்த பிறகும் முழுதாக விடிந்துவிடவில்லை. வரிகளை இருபக்கமும் சமப்படுத்தினால் பயர்பொக்ஸின் பழைய பதிப்புகளில் கொம்பும் அரவும் எழுத்தை விட்டுப் பிரிந்து நின்றன. 2008 இல் மூன்றாம் பதிப்பு வந்துதான் அது தீர்ந்தது. இன்று உலாவிகள் மிகவும் ஒத்துப்போகின்றன. ஆனாலும் வித்தியாசம் அடியோடு போய்விடவில்லை.

சரி, வித்தியாசம் வந்தால் எப்படித் தேடுவது? பரீட்சை மீதி சமப்படாதபோது தேடுவது போலத்தான். முதலில் வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் 9 ஆல் பிரிபட்டால், 54 ஐ 45 என்று யாரோ இலக்கம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று கணக்கெழுதுபவன் சந்தேகப்படுவான். இங்கும் அளவே இடத்தைக் காட்டிக் கொடுக்கும்.

பக்கத்தின் ஓரத்தில் 8 பிக்சல் இடைவெளி காரணமில்லாமல் நிற்கிறதா? அது உலாவி தானாகவே வைக்கும் ஓரம். நாங்கள் ஒன்றும் சொல்லாத இடத்தில் உலாவி தன் வழக்கப்படி செய்யும். ஆகையால் ஓரங்களைத் தொடக்கத்திலேயே பூச்சியமாக்கி, பிறகு வேண்டியதை நாங்களே சொல்லிவிட வேண்டும். அகலத்தில் 15 அல்லது 17 பிக்சல் குறைகிறதா? விண்டோஸ் கணனியில் பக்கவாட்டு உருள்பட்டை இடம் பிடிக்கிறது. கைத்தொலைபேசியில் அது இடம் பிடிப்பதில்லை.

பெட்டியே பெரிதாகவோ சிறிதாகவோ வருகிறதா? 300 பிக்சல் அகலம் என்று சொல்கிறீர்கள். உள்ளே இருபக்கமும் 20 இடைவெளி, இருபக்கமும் 5 கோடு. தரத்தின்படி மொத்தம் 350. பழைய இன்ரநெட் எக்ஸ்புளோரர் 5 இல் எல்லாவற்றையும் உள்ளடக்கி 300. இரண்டுமே கணக்குத்தான், எதை எதற்குள் சேர்ப்பது என்பதில்தான் 50 பிக்சல் வித்தியாசம். இன்று பெட்டியின் அளவைக் கோட்டோடு சேர்த்தே எண்ணு என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

தேடும் ஒழுங்கையும் சொல்கிறேன். ஆலயம், ஊர் ஒன்றியம், பழைய மாணவர் சங்கம், தமிழ்ப் பாடசாலை ஆகியவற்றின் தளங்களைப் பார்க்கும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, முறையிட்டவர் எந்தச் சாதனத்தில், எந்த உலாவியில், எந்தப் பதிப்பில் பார்த்தார் என்று கேளுங்கள். திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உலாவி நேற்றைய பிரதியையே சேமித்து வைத்துக் காட்டிக்கொண்டிருக்கலாம். அதனால் பக்கத்தைப் புதிதாக ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பக்கத்தின் முதல் வரியில் டொக்டைப் என்ற அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால், இது பழைய காலத்துப் பக்கம் என்று எண்ணி, உலாவி பழைய காலத்து வழக்கங்களுக்கு வேண்டுமென்றே திரும்பிவிடும்.

மூன்றாவது, டபிள்யூ3சி அமைப்பின் இலவசச் சரிபார்ப்புக் கருவியில் பக்கத்தைக் கொடுங்கள். சி.எஸ்.எஸ். இல் விளங்காத ஒன்று வந்தால் உலாவி முறையிடாது, பேசாமல் தாண்டிப் போய்விடும். மூடாமல் விட்ட ஒரு அடைப்புக்குறி பின்னால் வரும் வரிகளையும் விழுங்கிவிடும். பேரேட்டிலாவது கூட்டுத்தொகை சண்டை பிடிக்கும். இங்கு அதுவும் இல்லை.

நான்காவது, பாதி பாதியாகக் குறையுங்கள். அறிவுறுத்தல்களில் பாதியை எடுத்துவிட்டுப் பாருங்கள். பிழை போய்விட்டதா, பிழை எடுத்த பாதியில். போகவில்லையா, மிஞ்சிய பாதியில். ஏழெட்டுத் தரம் பிரித்தால் ஒரு வரிக்கு வந்துவிடுவீர்கள். பல கணனி உலாவிகளில் எஃப்12 விசையை அழுத்தினால் எந்த அறிவுறுத்தல் நடைமுறையில் இருக்கிறது, எது வெட்டப்பட்டது என்பதும் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. குரோமிலும் எட்ஜிலும் பார்த்துவிட்டு இரண்டில் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள். 2020 இலிருந்து எட்ஜும் குரோமின் அதே இயந்திரத்தில்தான் ஓடுகிறது. ஒரே சாட்சியை இரண்டு முறை கூப்பிட்டது போல ஆகிவிடும். ஐபோனில் உள்ள குரோமும் பெரும்பாலும் உள்ளே சபாரியின் இயந்திரம்தான். குரோம், பயர்பொக்ஸ், சபாரி என்று மூன்றிலும் பாருங்கள்.

இந்த ஒழுங்கில் தேடித்தான் என் பிழையையும் கண்டுபிடித்தேன். என் கணனியில் இருந்த எழுத்துரு ஒன்றின் பெயரைப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அந்த அம்மாவின் சாதனத்தில் அது இல்லை. புதிய விண்டோஸில் நிர்மலா, அப்பிள் சாதனங்களில் தமிழ் சங்கம், அன்ட்ரொயிட்டில் நோட்டோ என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தமிழ் எழுத்துரு. ஒன்றின் எழுத்து அகலம், இன்னொன்று ஒடுக்கம். எனக்குப் பத்து வரியில் அடங்கியது அவருக்குப் பன்னிரண்டு வரியானது. போதாததற்கு, வாசிக்க வசதியாக அவர் எழுத்தைப் பெருப்பித்தும் வைத்திருந்தார். நானோ பெட்டியின் உயரத்தை அசையாதபடி நிறுத்தி, மீறுவதை மறைத்துவிடு என்றும் எழுதியிருந்தேன். உலாவி என் சொல்லைத் தட்டாமல் மறைத்துவிட்டது.

திருத்தம் சின்னதுதான். உயரத்தை எடுத்துவிட்டு, குறைந்த அளவை மட்டும் சொன்னேன். இப்போது எழுத்துக்குத் தக்கதாகப் பெட்டி வளரும். இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ தமிழ் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்புகிறேன். குறிப்பிட்ட ஒரு உலாவிக்கென்று தனி ஒட்டுப் போடவில்லை. அப்படி ஒட்டுகிற ஒட்டு அடுத்த பதிப்பில் வேறிடத்தில் கிழியும்.

இன்னொரு மாற்றமும் செய்தோம். மரண அறிவித்தல்களில் இடத்தையும் நேரத்தையும் பெயருக்கு அடுத்ததாக மேலேயே போடுகிறோம். வழமையை மாற்றுவதா என்று சிலர் மனவருத்தப்பட்டார்கள். நடந்ததைச் சொன்னதும் விளங்கிக்கொண்டார்கள். ஏற்றும் முன்பு நிலையத்தில் உள்ள ஆகப் பழைய கணனியிலும், எழுத்தைப் பெருப்பித்த ஒரு தொலைபேசியிலும் பார்த்துவிட்டே விடுகிறோம்.

ஊரை விட்டுச் சிதறிய எங்களுக்கு, யார் பிறந்தார், யார் போனார் என்று சொல்லும் வாசற்படி இப்போது இந்தப் பக்கங்கள்தான். அதில் ஒரு வரி மறைந்தால் ஒருவர் கடைசி முகம் பார்க்காமல் போகிறார். ஆகவே யாராவது தொலைபேசி எடுத்து, "பக்கம் சரியாத் தெரியேல்லை" என்று சொன்னால், "எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது" என்று நான் இப்போது சொல்வதில்லை. "உங்களுக்கு என்ன தெரியுது, கடைசி வரியை ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ" என்று கேட்கிறேன். அந்த அம்மாவிடம் அன்று அதைக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்திருக்கும்.

அடுத்த மாதம் மீண்டும் வரிப் படிவத்தோடு சந்திப்போம்.